அந்தக் காலத்து அணில்

ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி விடுகிற இடத்திலேயே கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. சுந்தரவல்லி வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாட்சாவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க சார்?"

பதில், கிராமபோன் பெட்டி முதன்முதலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியதில் தொடங்கியது. அவருடைய தாத்தா அதில் ஒன்றை வாங்கினார். அப்பா அதைத் துடைத்தார். கதையில் இப்போது ஸ்ரீநிவாசராகவனுக்கு உபநயனம் நடந்துகொண்டிருந்தது. போன வாரத்தை எட்ட இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி இருந்தது.

"மேடம், இந்த ரேட்ல போனா, பாய் காணாமப் போற இடம் வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்," என்று அவளுடைய உதவியாளன் தனசிங் காதோரம் சொன்னான்.

சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிய நாளாக அவளிடம் வந்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற வேலைகள்தான். மாப்பிள்ளை குடிக்கிறானா என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆனால் யாரும் செத்துப் போவதில்லை. பாட்சா விஷயம் அப்படி இல்லை.

பாட்சா இதே சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருப்பவர். பரண்மேல் கிடக்கும் பழைய ரெக்கார்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றி, சி.டி.யாகப் போட்டுத் தருவார். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி ரெக்கார்டோடு கிளம்பியவர் இந்தத் திங்கட்கிழமை வரை வீடு திரும்பவில்லை. தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிற மனிதர். மருந்து அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தபடி இருக்கிறது.

மனைவி ஜஹீரா போலீஸுக்குப் போனபோது அவளுக்கு முன்பே ஸ்ரீநிவாசராகவன் போயிருந்தார். விலைமதிப்பில்லாத தன் ரெக்கார்டுகளைத் தூக்கிக்கொண்டு பாட்சா ஓடிவிட்டதாகப் புகார். ஆகவே ஸ்டேஷனில் பாட்சா காணாமல் போனவர் இல்லை, தலைமறைவானவர். காணாமல் போனவரையாவது கடமைக்குத் தேடுவார்கள். தலைமறைவானவன் தானாக வந்து மாட்டட்டும் என்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் ஜஹீரா சுந்தரவல்லியின் மாடிப்படி ஏறினாள்.

"நான் சொல்ல வருவது என்னவென்றால்," என்றார் ஸ்ரீநிவாசராகவன். எதிரே மைக் இருப்பதாகவே எப்போதும் பேசுகிறவர். அரசுப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவரை விட்டுப் போனது கார் மட்டும்தான். தென்சென்னை இசைத்தட்டுப் பாதுகாப்புப் பேரவையை நிறுவி, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று நாற்காலிகளிலும் தாமே போட்டியின்றி அமர்ந்திருந்தார். நேற்று கல்யாண மண்டபத்தில் போர்த்திய பொன்னாடை சோபாவின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தது. "உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி உள்ள அரக்கு இசைத்தட்டு. அந்தப் பாட்டை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தான் பாட்சா. மறுநாள் பெட்டியோடு மறைந்தான். அந்த ஒரு பாட்டாவது தப்பியதே என்றுதான் நேற்று விழா எடுத்து சி.டி. வெளியிட்டேன்."

"பெட்டியைத் திருப்பிக் கொடுக்க உங்ககிட்ட வர்றதாத்தான் வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கார்."

"வரவில்லையே அம்மா. வந்திருந்தால் நான் ஏன் புகார் கொடுக்கிறேன்?" சுந்தரவல்லியின் அறியாமையை மன்னிக்கிற மாதிரி புன்னகை செய்தார். "சி.டி. கேட்டீர்களா? பின்னணியில் கீச் கீச்சென்று ஒரு சத்தம். கவனித்தீர்களா?"

"கவனிச்சேன்."

"அணில். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ என்பது தோப்பு நடுவே இருந்த பங்களா. பாடிய அம்மையாரின் குரலில் மயங்கி அணில்கள் ஜன்னலுக்கே வந்திருக்கின்றன. நேற்று மேடையில் இதை நான் சொன்னதும் சபை எழுந்து நின்றது."

"சாப்பாட்டுக்கா சார்?" என்றான் தனசிங்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஹால் மூலையில் ஜரிகைத் துணி போர்த்திய ஒன்றை, சந்நிதியில் திரை விலக்குவது போல விலக்கினார். பளபளவென்று ஒரு ரெக்கார்டு பிளேயர். மகன் அனிருத் அமெரிக்காவிலிருந்து கப்பலில் அனுப்பியதாம். அனிருத்துக்குக் கோவிலம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டும் இருக்கிறதாம், அதில் ஆவணக் காப்பகம் அமையப் போகிறதாம், திறந்து வைக்க மந்திரி ஒருவர் தேதி தரவேண்டியதுதான் பாக்கியாம்.

சுந்தரவல்லி குனிந்து பார்த்தாள். வேகத்தை மாற்றுகிற குமிழ் ஒன்று. அதன் பக்கத்தில் இரண்டே எண்கள்: 33, 45.

"இதுல உங்க அரக்கு ரெக்கார்டைப் போட்டிருக்கீங்களா சார்?"

ஸ்ரீநிவாசராகவன் கை ஜரிகைத் துணியைத் தேடியது. "இது அதற்கெல்லாம் மேலானது," என்று சொல்லித் துணியை மூடினார். "மன்னிக்கவேண்டும். முடிச்சூரில் எனக்கு இன்று ஒரு பாராட்டுக் கூட்டம்."

ஜஹீராவின் வீட்டில் யாரும் பாராட்டுகிற நிலையில் இல்லை. அவள் நாலைந்து நாளாகத் தூங்காதவள் என்பதைக் கதவைத் திறந்த விதமே சொன்னது. மணி அடிப்பதற்கு முன்பே திறந்துவிட்டாள்.

"ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?"

"இல்லம்மா."

தலையாட்டினாள். அழவில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை ஓர் ஆஸ்பத்திரி விடாமல் ஏறி இறங்கி, பாட்சா என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டு அவளுடைய குரல் கட்டியிருந்தது.

"இன்சுலின் இல்லாம எத்தனை நாள் தாங்குவாரு அக்கா? மெடிக்கல் ஷாப்காரர்கிட்ட கேட்டேன். அவர் என் மூஞ்சியப் பார்க்காம பேசுறாரு."

தனசிங் போய் பாட்சாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நேற்றைய சி.டி.யைப் போட்டான். பாடகி ஆரம்பித்தாள். கரகரவென்ற சத்தத்துக்கு அடியில், கீச் கீச்.

"அக்கா, இது அவர் ஏத்தினது இல்ல," என்றாள் ஜஹீரா. "இந்த ரெக்கார்டை அவர் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாரு. புது ஊசி வரட்டும், அப்புறம் ஏத்தறேன்னு எடுத்து வெச்சுட்டாரு. அன்னைக்கு நான் கீரை ஆய்ஞ்சுகிட்டே கேட்டேன். இதே பாட்டுத்தான். அணிலெல்லாம் இல்ல."

"நிச்சயமா?"

"தட்டுல இருந்தா அன்னைக்கும் கேட்டிருக்கணுமே. அவரு ஏத்தினாலும் வராது. பிளேயர்லேர்ந்து வயர் நேரா கம்ப்யூட்டருக்குப் போகுது பாருங்க. நான் பக்கத்துல நின்னு கத்தினாக்கூட பாட்டுல ஏறாது."

சுந்தரவல்லி அந்த வயரைப் பார்த்தாள். அது புறப்படுகிற பிளேயரைப் பார்த்தாள். பழசு, மூடி உடைந்து டேப் ஒட்டியது. அதன் குமிழுக்குப் பக்கத்தில் மூன்று எண்கள் இருந்தன: 33, 45, 78.

"தனசிங், பெரியவர் வீட்டு மெஷின்ல எத்தனை இருந்துச்சு?"

"ரெண்டு. அமெரிக்காவுல மூணாவதுக்குத் தனியா டிக்கெட் போல."

"அரக்கு ரெக்கார்டெல்லாம் எழுபத்தெட்டுல சுத்தணும். அதை நாப்பத்தஞ்சுல சுத்தவிட்டா?"

"பாட்டு தூக்க மாத்திரை போட்ட மாதிரி இழுக்கும்."

"அதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தி, அப்புறம் வேகத்தைக் கூட்டினா?"

"சரியாயிடும்."

"பாட்டு சரியாயிடும். வயர் மாட்டத் தெரியாம, ஸ்பீக்கர் முன்னால ஒரு மைக்கை நிறுத்தி வெச்சுப் பிடிச்சிருந்தா, அந்த ரூம்ல கேட்ட மத்த சத்தமும் மைக்ல விழுந்திருக்குமே. அது என்ன ஆகும்?"

தனசிங் கை மவுஸை நோக்கிப் போனது. "அதுவும் சேர்ந்து ஓடும். மனுஷன் பேசினாக்கூட…"

"அணில் மாதிரி கேட்கும்."

பாட்சாவின் கம்ப்யூட்டரில் பாட்டின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வசதி இருந்தது. பாதிக்குச் சற்று மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுத் தனசிங் மறுபடி ஓட்டினான்.

பாடகியின் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போலத் தாழ்ந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத ஓர் இழுவை ஆயிற்று. அணில்களும் இறங்கின. இறங்க இறங்க, கீச்சுகள் நீண்டு எழுத்துகளாக ஒட்டிக்கொண்டன. தெருவில் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி அது. நெருங்கி வந்தது.

"…கோவிலம்பாக்கம் ஊராட்சிப் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வயதுக்கு உட்பட்ட அனைத்துக் குழந்தைகளுக்கும் போலியோ சொட்டு மருந்து…"

"நேத்துத்தான் ஞாயிறு," என்றாள் ஜஹீரா மெதுவாக. "நேத்து இங்கயும் பள்ளிக்கூடத்துல போட்டாங்க."

"ஆட்டோ விளம்பரம் வெள்ளி, சனியிலதான் சுத்தும்," என்றாள் சுந்தரவல்லி. "உன் வீட்டுக்காரர் கிளம்பினது செவ்வாய்க்கிழமை. அவர் காணாமப் போனதுக்கு அப்புறம், கோவிலம்பாக்கத்துல, பெரியவர் பையனோட ஃப்ளாட்டுல வெச்சு இந்த ரெக்கார்டை ஓட்டியிருக்காங்க. அப்போ திருடு போன பெட்டி அங்கதான் இருக்கு. பெட்டி போன இடத்துக்கு…"

முடிப்பதற்குள் மின்விசிறி நின்றது. திரை இருண்டது. பாட்டு பாதியில் அறுந்தது. கேம்ப் ரோடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

"மின்வாரியமும் தலைமறைவு," என்றான் தனசிங், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே. "மேடம், மீதிப் பாட்டு நமக்கு எதுக்கு? அட்ரஸ் கிடைச்சாச்சே."

சுந்தரவல்லிக்கும் அப்படித்தான் பட்டது. ஜஹீராவை வீட்டிலேயே இருக்கச் சொன்னாள், பாட்சாவே வந்தாலும் வரலாம் என்று. அதை நம்பித்தான் சொன்னாளா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஜஹீரா நம்பினாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் சுந்தரவல்லி வேகமாகப் படியிறங்கினாள்.

அனிருத் பேரைச் சொல்லி விசாரித்துக் கண்டுபிடித்த கோவிலம்பாக்கம் ஃப்ளாட் மூன்றாவது மாடி. கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் காலி ஹால், நடுவில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஸ்டாண்டோடு ஒரு மைக், சுவரோரம் மரப்பெட்டி. திருடு போனதாக எழுதிக் கொடுத்த பெட்டி, போன இடத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. அமெரிக்கப் பிளேயரை மட்டும் வேலை முடிந்ததும் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். மனித நடமாட்டம் இல்லை. தனசிங் கதவைத் தட்டினான், "பாய், பாய்" என்று கூப்பிட்டான், தரையில் படுத்துக் கதவிடுக்கில் காதை வைத்தான். எழுந்து தலையாட்டினான்.

வாட்ச்மேன் பொன்னுசாமி கீழே தண்ணீர் மோட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பாயா? வந்தாரே. செவ்வாக்கெயம. பொட்டிய தூக்கினு வந்தாரு. அந்தப் பெரிய சாரும் இருந்தாரு. மேல ஒரே சத்தம்."

"என்ன சத்தம்?"

"பாய் இன்னாவோ மெஷினப் பத்தி சொன்னாரு. இதுல இந்தத் தட்டு ஓடாது சார், எம்மாம் காசு குடுத்தாலும் ஓடாதுன்னு. அதுக்கு சாரு, நீ இன்னாடா எனக்கு சொல்லிக் குடுக்கறதுன்னு கத்தினு கீறாரு. அப்பால தொம்முனு ஒரு சத்தம். ஓடிப் போய் பாத்தா, பாய் படிக்கட்டுல கெடக்குறாரு. கால் கீசிகினு ரத்தமா கொட்டுது. கண்ணு மேல பூட்ச்சி."

"தள்ளிவிட்டாரா?"

"நான் பாக்கல மேடம். பாக்காதத நான் சொல்லக் கூடாது. சாரு ஆட்டோ புட்சி ஏத்திகினு பூட்டாரு. வந்ததும் கேட்டேன். வூட்டாண்ட வுட்டுட்டேன், நல்லாக் கீறாருன்னாரு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரு கேட்டாங்க?" என்றார் பொன்னுசாமி. குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி.

சுந்தரவல்லி ஸ்ரீநிவாசராகவனுக்குப் போன் போட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"பாட்சாவை ஆட்டோவுல எங்கே கொண்டுபோனீங்க?"

"அந்த வாட்ச்மேன் குடிகாரன்," என்றார். "நான் மேடையில் இருக்கிறேன்." அடுத்த தடவை போட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முடிச்சூர் போய் அவரை மேடையிலிருந்து இறக்கலாம். போலீஸ் இல்லாமல் இறக்கினால் வாயைத் திறக்க மாட்டார், திறந்தால் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பிப்பார். போலீஸைக் கூட்டிப் போவதற்குள் பொழுது போய்விடும்.

படிக்கட்டில் அவள் உட்கார்ந்தாள். காய்ந்த ஒரு கறையைக் காலால் தவிர்த்துவிட்டு உட்கார்ந்தாள். ரத்தம் வழிகிற ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஜஹீரா கேட்டாயிற்று. பாட்சா என்று யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லையென்றால்?

மாடிப்படி ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தது. அதற்கு அப்பால், கல் வெட்டி விட்டுப்போன பள்ளங்களில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. இந்தப் பக்கத்தில் ஒருவரை இறக்கிவிட்டுப் போவதற்கு இடத்துக்கா பஞ்சம். தனசிங்கும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது சொல்லேன்," என்றாள்.

"ஒண்ணும் வரல மேடம்."

தனசிங்குக்குப் பேச்சு வராததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஜஹீராவிடம் போய் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். எதை முதலில் வைத்தாலும் கடைசியில் அந்தப் பள்ளத்துத் தண்ணீரில்தான் போய் முடிந்தது.

செல்போன் அடித்தது. ஜஹீரா.

"அக்கா, கரண்ட் வந்துடுச்சு. மீதியையும் போட்டேன்." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "பாதிக்கு மேல இன்னொரு அணில் வருது. கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் வைத்திருக்க வேண்டும். பாடகி கிணற்றுக்குள்ளிருந்து இழுத்தாள். அதற்கு மேலே, மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒரு செல்போன் மணி. பிறகு ஒரு குரல், நிதானமாக, எழுத்துப் பிசகாமல்.

"வணக்கம் சிஸ்டர். ஆமாம், அசரியா விஷயமாகத்தானே. நான்தான் சேர்த்தவன்… கண் விழித்தாரா? ஓ, இல்லையா… நான் சொல்ல வருவது என்னவென்றால், அவருக்கு உறவினர் என்று யாருமே கிடையாது. என் பழைய அலுவலகத்தில் பியூன். அநாதை. ஏதோ மனிதாபிமானத்தில்… கையெழுத்தா? ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு விழா இருக்கிறது அம்மா. அது முடிந்ததும் நேரில் வருகிறேன். அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள்."

தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வந்திருக்கிறது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், விழா நெருங்கிவிட்டது. ஸ்பீக்கரைப் பார்த்துத் திருப்பி வைத்த மைக் தன் குரலை எங்கே பிடிக்கப் போகிறது என்று நினைத்துப் பேசியிருக்கிறார். பிறகு வேகத்தைக் கூட்டி, தாமே கீச்சிட்டதைத் தாமே கேட்டு, தோப்பு, பங்களா, அணில் என்று கண்கலங்கியிருக்கிறார்.

"சபை எழுந்து நின்னுச்சாமே," என்றான் தனசிங் பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தாள் பொய் சொல்றதைக் கேட்டு."

"அக்கா," என்றாள் ஜஹீரா. "அசரியான்னு ஒரு பேரை நான் பார்த்தேன். மேடவாக்கம் போற வழியில ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கில்ல, அங்க. ஆம்பளைங்க வார்டு வாசல்ல போர்டுல எழுதியிருந்துச்சு. நான் பாட்சான்னு இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன். இல்லைன்னதும் திரும்பிட்டேன். ஒரு கதவு அக்கா. நடுவுல ஒரு கதவுதான் இருந்துச்சு."

"அங்கயே வா. நாங்களும் வந்துடறோம்."

"ஆட்டோவுலதான் இருக்கேன் அக்கா. கேட்டதைப் போன்ல பதிஞ்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். இப்போ உங்களுக்குப் போட்டதும் அதுதான்."

வண்டியில் ஏறும்போது தனசிங் கேட்டான், "இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிடலாமா மேடம்? அணிலைப் பிடிச்சுடுவோம்."

"முதல்ல ஆளைப் பார்ப்போம். அணில் எங்கயும் ஓடாது. மேடை இருக்கிற இடத்துலதான் இருக்கும்."

வார்டு சிஸ்டர் அவர்களைப் பார்த்துக் கும்பிடாத குறையாக எழுந்தாள்.

"அசரியாவோட ஆளுங்களா? ரெண்டு நாளா போன் போட்டுப் போட்டு அலுத்துட்டேன். சேர்த்தவர் வர்றேன் வர்றேன்னார், இன்னிக்குப் போனையே அணைச்சுட்டார். யாராவது வந்தீங்களே."

கடைசிக் கட்டில். சுந்தரவல்லி போட்டோவில் பார்த்திருந்த பாட்சாவுக்குத் தாடி உண்டு. இவருக்கு மழித்திருந்தார்கள். மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், முழங்கால் வரை கட்டு. கட்டுக்கு மேலேயும் தோல் கறுத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. அவ்வளவுதான் அவரிடம் மீதி இருந்தது.

ஜஹீரா ஏற்கெனவே வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய உள்ளங்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தாள்.

"ஏங்க," என்றாள் குனிந்து. "நான்தாங்க."

இமை அசைந்தது. அசைந்ததாக அங்கே நின்ற மூன்று பேருக்கும் தோன்றியது.

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிப்போய் வந்தாரு," என்றாள் சிஸ்டர் தணிந்த குரலில். "அதை இறக்கிட்டோம். கால்தான். சீழ் மேல ஏறிக்கிட்டே இருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இன்னிக்கே எடுத்தா உயிர் நிக்கும்கிறார் டாக்டர். தியேட்டர் ரெடியா இருக்கு. சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம நிக்குது. நீங்க யாரு சொந்தம்?"

சுந்தரவல்லி ஆரம்பித்தாள். "சிஸ்டர், ஒருவேளை சேர்த்தப்போ இவர் பேரைத் தப்பாக் கொடுத்திருந்தா…"

"ஐயோ, அந்தப் பேச்சை எடுக்காதீங்க மேடம்." சிஸ்டர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆள் வேறன்னா போலீஸ் வரணும். அடையாளம் சொல்லணும். ஸ்டேஷன்லேர்ந்து கடுதாசி வந்து ஆபீஸ்ல மாத்தணும். நாளைக்கு மத்தியானம் ஆயிடும். நாளைக்கு மத்தியானம் இந்தக் காலுக்கு ஆபரேஷனே தேவைப்படாது. புரியுதா?"

புரிந்தது. சுந்தரவல்லி ஜஹீராவைத் திரும்பிப் பார்த்தாள். தன் புருஷனைக் கண்டுபிடித்து நாலு நிமிஷம் ஆகாத ஒருத்தியிடம், இவர்தான் உன் புருஷன் என்று நிரூபிக்க ஒரு நாள் ஆகும் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

ஜஹீரா அவருடைய கையைக் கட்டிலில் பத்திரமாக வைத்தாள். முந்தானைக்கு மேல் போட்டிருந்த கறுப்பு புர்காவைச் சரிசெய்துகொண்டு சிஸ்டருக்கு எதிரே வந்து நின்றாள்.

"பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு சிஸ்டர். நான் அசரியா சம்சாரம். எங்கே போடணும்?"

சிஸ்டர் புர்காவைப் பார்த்தாள். கட்டிலில் தொங்கிய அட்டையில் இருந்த கிறிஸ்தவப் பேரைப் பார்த்தாள். மறுபடி ஜஹீராவின் முகத்தைப் பார்த்தாள்.

"லவ் மேரேஜ், சிஸ்டர்," என்றான் தனசிங். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சிஸ்டர் தாளை நீட்டி, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தாள். "ஜாஸ்தி படிக்காதீங்க. இங்க, அப்புறம் கீழ இங்க."

ஜஹீரா எழுதினாள். எந்தப் பேரை எழுதினாள் என்று சுந்தரவல்லி எட்டிப் பார்க்கவில்லை.

கட்டிலின் பிரேக்கை எடுத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தா முனையில் ஒரு கதவு திறந்து மூடியது. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தனசிங் எழுந்து போய், யாரும் கேட்காமலே மூன்று டீ வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை. முடிச்சூரில் இந்நேரம் இன்னொரு பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். இன்ஸ்பெக்டரின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டும், சுந்தரவல்லி அந்தக் கதவையே பார்த்திருந்தாள்.

கதவு திறந்தது. பச்சை உடை போட்ட ஒருவர் தலையை மட்டும் நீட்டினார்.

"அசரியா வீட்டம்மா யாருங்க? ரத்தம் ஒரு பாட்டில் வேணும், உள்ளே வந்து பேசுங்க."

"நான்தான்," என்று ஜஹீரா எழுந்து போனாள்.